முள் இறங்கினால் ஸ்பேனர்

ஏனுங்க, சித்த நகுந்து உக்காருங்க. இல்லீங்க, சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. எங்கீங்க போறீங்க? கரூருங்களா? நான் காங்கயம் வரைக்கும்தான். பரவால்லீங்க, ஒண்ணரை மணி நேரத்துக்குப் பேச்சுத்துணை ஆச்சு.

இந்தாங்க, இதைப் பிடிங்க. பத்திரிகைதானுங்க. தெரியாத ஆளுக்கு எதுக்குக் குடுக்கறான்னு பார்க்கறீங்களா? நானூறு அடிக்கச் சொன்னேன், பிரஸ்காரன் ஐநூறு அடிச்சுக் கையில குடுத்துட்டான். என்ற மக கல்யாணமுங்க. பாருங்க, மோகனப்பிரியா, எம்.இ. அந்த எம்.இ.யைக் கொஞ்சம் பெருசாப் போடப்பான்னு சொன்னேன், மாப்பிள்ளை பேரை விடப் பெருசாப் போயிருச்சு. சம்பந்தி என்ன சொல்வாருன்னு தெரியலை. கார்த்திகை பன்னெண்டு, எங்க ஊரு கணபதியில மண்டபம். இன்னும் இருவத்தொரு நாள் இருக்குது. நீங்க வந்தா சந்தோசம், வரலைன்னாலும் நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கணபதியில ஒரு பட்டறையில இருவத்தெட்டு வருசமா இருக்கறேன். பஞ்சை அமுத்திப் பேல் கட்டற பிரஸ் இருக்குதல்லங்க, அதுக்கு சிலிண்டர் பண்றோம். அடுப்புக்கு வெக்கற கேஸ் சிலிண்டர் இல்லீங்க, அதெல்லாம் தகரம். இது கனத்த இரும்பு. சுவரே விரல் தடிமன் இருக்கும். என்ற சோலி டெஸ்டிங். உள்ள தண்ணியை ரொப்பி, ரண்டு பக்கமும் மூடி போட்டு, பம்ப்புல அழுத்தம் ஏத்தி, கேஜ் முள்ளைப் பார்த்துட்டே நிக்கோணும். தாங்குச்சுன்னா சாக்பீஸ்ல தேதியெழுதி அனுப்பிருவேன். நான் தேதியெழுதுன சிலிண்டர் ஒண்ணுகூட இதுநாள் வரைக்கும் திரும்பி வந்ததில்லீங்க. மொதலாளியே சொல்லுவாரு.

அந்த வேலையில ஒரே ஒரு சட்டந்தான். முள் இறங்குச்சுன்னா எங்கியோ லீக். ஸ்பேனரை எடுத்துட்டுப் போயி மூடியை இறுக்கோணும். அவ்வளவுதான். இதுக்கு எம்.இ. தேவையில்லை.

சரி, கல்யாணத்துக்கு வர்றேன். இந்தக் கல்யாணம் சும்மா அமைஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. நாலு மாசம் என்னை வெச்சு வெச்சு வாட்டிட்டாளுங்க. பையனுக்கு ஒரு குறை சொல்ல முடியாது. காங்கயத்துல தேங்காயெண்ணெ மில்லு, ரண்டு களம், காரு. அப்பா நாச்சிமுத்துங்கறவரு தங்கமான மனுசன், அதிர்ந்து பேச மாட்டாரு. இவ என்னடான்னா, புனேயில வேலைக்கு லெட்டர் வந்திருக்குது, அங்கதான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. என்ன வேலைன்னு கேளுங்க. சிலிண்டரு, பைப்பு எல்லாத்தையும் வெடிக்க வெச்சுப் பார்க்கற வேலை. நான் இருவத்தெட்டு வருசமா வெடிக்காம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கறேன், இவளுக்கு வெடிக்க வெக்கறதுக்குச் சம்பளமாமா.

மொதல் தடவை பேச்செடுத்தப்ப மரியாதையாத்தான் சொன்னா. "இப்ப வேண்டாமுங்கப்பா"ன்னா. ரண்டாவது தடவை எந்திரிச்சு உள்ள போயிட்டா. மூணாவது தடவை சோறே திங்கலை. நாலாவது, ஒறம்பரையா ஊட்டுக்கு வந்த என்ற அக்கா முன்னாடியே கத்துனா. அஞ்சாவது தடவை தம்ளரைத் தூக்கி எறிஞ்சா. எவர்சில்வர் தம்ளருங்க, செவுத்துல பட்டு நசுங்கிப் போச்சு. இன்னமும் அதுலதான் நான் காப்பி குடிக்கறேன், ஒரு பக்கமா ஒழுகும். ஆறாவது தடவை, "நீங்க எனக்கு அப்பாவே இல்ல"ன்னுட்டா. ஊட்டுக்காரம்மா ருக்குமணி அழுவறா. நான் அழுவலை. நானும் விடலை. பொண்ணைப் பெத்தவன் ஏத்திட்டேதான இருக்கோணும்?

இல்லீங்க, வேலைக்குப் போகக்கூடாதுன்னெல்லாம் நெனைக்கற ஆளில்லை நான். நாந்தானே படிக்க வெச்சேன். காங்கயமுன்னா ஒண்ணரை மணி நேரமுங்க. ஞாயித்துக்கெழமை பஸ்ஸேறுனா போயிப் பார்த்துட்டுப் பொழுதோட வந்துரலாம். புனேன்னா? எனக்கு இந்தி தெரியாது. அவ பொறந்ததுல இருந்து அவளைப் பார்க்காம நான் ரண்டு நாளு சேர்ந்தாப்புல இருந்ததில்லீங்க. காலேஜ்கூட ஊட்டுல இருந்துதான் போயிட்டு வந்தா. சரி, அதை விடுங்க.

ஏழாவது தடவைதானுங்க அதிசயம். ஐப்பசி பொறந்த மொத செவ்வாக்கெழமை. நான் மெதுவா ஆரம்பிச்சேன். மறுபடியும் என்னத்தைத் தூக்கி எறிவாளோன்னு கொழம்புச் சட்டியைக்கூட அக்கட்டால தள்ளி வெச்சுட்டேன். அவ சாப்பிட்டுட்டே இருந்தா. தலையைத் தூக்காம, "சரிங்கப்பா"ன்னா.

எனக்கு என்ற காதையே நம்ப முடியலை. என்ன கண்ணு சொன்னேன்னேன். "சரிங்கப்பா, நீங்க பார்த்துப் பண்ணுங்க"ன்னா. கொரல்ல ஒரு கோபமில்லை, ஒண்ணுமில்லை. கையைக் கழுவிட்டுப் போயிப் படுத்துட்டா.

அன்னையிலிருந்து ஊட்டுல ஒரு சத்தமில்லீங்க. என்ன சொன்னாலும் சரிங்கப்பா. முகூர்த்தப் பொடவை அரக்குல எடுத்தோம், அவளுக்கு அரக்குன்னா ஆகவே ஆகாது. சரிங்கப்பான்னுட்டா. மண்டபம்? சரிங்கப்பா. உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுன அன்னைக்கு அந்த ஊட்டுப் பொம்பளைங்க பாடச் சொன்னாங்க, அதுக்கும் சரின்னு பாடுனா. நாலு மாசம் கத்துன புள்ளையா இதுன்னு இருந்துச்சு.

மயில்சாமிகிட்டச் சொன்னேன். மயில்சாமின்னா எங்க பட்டறையில பம்ப் ஓட்டறவன், என்னை விட எட்டு வயசு சின்னவன், பழகுன ஆளு. "அண்ணா, இறங்கியிருக்கறப்பவே இறுக்கிருங்க, மறுபடியும் ஏறிக்கும்"ன்னான். எனக்கும் அதே ரோசனைதான். மொதல்ல தையிலதான் வெக்கறதா இருந்துச்சுங்க. நாச்சிமுத்துகிட்டப் பேசி கார்த்திகைக்குக் கொண்டாந்துட்டேன். அந்த வாரமே பத்திரிகை அடிச்சாச்சு. நாலு எடத்துல ட்யூசன் எடுத்துட்டிருந்தா, அதையும் நிறுத்தச் சொன்னேன். எல்லாத்துக்கும் சரிங்கப்பாதான்.

பொறுப்பும் வந்துருச்சுங்க. அதைத்தான் ஆச்சரியமாச் சொல்றேன். அவங்கம்மாளை உக்கார வெச்சு, கரண்டு பில்லு போன்ல எப்படிக் கட்டறதுன்னு சொல்லிக்குடுத்துட்டா. எனக்குச் சக்கரை மாத்திரைங்க, காலையில ரண்டு, ராத்திரி ஒண்ணு. எப்பவும் அவதான் எடுத்துக் குடுப்பா. இப்ப என்ன பண்ணியிருக்கறா, ஒரு பேப்பர்ல பெருசா எழுதி பிரிட்ஜு மேல ஒட்டிட்டா. எந்த மாத்திரை எப்ப, தீர்ந்தா எந்தக் கடை, டாக்டர் நம்பர், எல்லாம். கல்யாணமாகிப் போறதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது, இப்பவே பாருங்க. ருக்குமணிகூட அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு நின்னுட்டே இருந்தா. ஏன் நிக்கறேன்னேன், ஒண்ணுமில்லைன்னா. பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் கண்ணுல தண்ணி வந்துரும்.

இப்ப எதுக்குக் காங்கயம் போறேன்னா, சம்பந்தி ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கோணும். அதோட இதையும் காட்டோணும். இருங்க, பையில இருக்குது. கையைத் தொடைச்சுட்டுத் தொடுங்க. பொண்ணு சர்டிபிகேட்டுங்க, ஒரிஜினல். நாச்சிமுத்துவுக்கு அண்ணன் ஒருத்தரு இருக்கறாரு, அவருக்கு எம்.இ.ன்னா நம்பிக்கையில்லை, பி.இ.யாத்தான் இருக்கும்னு உப்புச்சக்கரை அன்னைக்கே இழுத்தாரு. நேர்ல கொண்டுபோயி வெச்சுட்டா முடிஞ்சுதல்ல. முதல் வகுப்பு, தனிச்சிறப்புன்னு போட்டிருக்குது பாருங்க, இங்க.

காலையில இதைப் பையில வெக்கறப்ப வாசல்ல வந்து நின்னா. "அதை மட்டும் வெச்சுட்டுப் போங்கப்பா"ன்னா. ஏங்கண்ணுன்னேன். "சும்மாதான். ஜெராக்ஸ் காட்டுனாப் போதாதுங்களா?"ன்னா. அந்த மனுசனுக்கு ஒரிஜினல்தான் காட்டோணும், பொழுதோட கொண்டுவந்துருவேன்னேன். அப்பறம் சரிங்கப்பான்னுட்டா. சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணிவிட்டு, பஸ்ஸுல சன்னலோரம் உக்காராதீங்கன்னா. பாசமான புள்ளைங்க.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க, சூலூர்லயே.

படிப்பு என்னன்னு கேட்டீங்களா? அதுதான் வேடிக்கை. என்ற சிலிண்டரைத்தான் படிச்சா. கனத்த சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை ஏத்திட்டே போனா எந்த எடத்துல அது நெலைகுலையும், அதுதான் அவ பிராஜெக்டு. அம்பது பக்கம் கணக்குங்க, ஒரு வரி எனக்குப் புரியலை. போன வருசம் மாசி மாசம் வந்து, "அப்பா, ஒரு சிலிண்டரை வெடிக்க வெச்சுப் பார்க்கோணும், உங்க பட்டறையில முடியுங்களா?"ன்னா. நாங்க எப்பவும் ஒண்ணரை மடங்கு ஏத்துவோம், அரை மணி நேரம் நிறுத்துவோம், இறக்கிருவோம். அதுக்கு மேல என்னாகும்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க ஆசையும் இல்லை. ஆனா மக கேட்டுட்டா. மொதலாளி கையைக் காலைப் பிடிச்சு அனுமதி வாங்குனேன். பைப்பை நானே லேத்துல கடைஞ்சேன். ரண்டிஞ்ச் துளை, பத்து மில்லி சுவர். அந்த மாதிரி பாலீஷ் நான் எந்தப் பார்ட்டிக்கும் போட்டதில்லை, வெடிக்கப்போற சாமானுக்குப் போட்டேன்.

பட்டறைக்குப் பின்னாடி குழி வெட்டி, சுத்தியும் மணல் மூட்டை அடுக்கி, மேல பாதிக்கு ரண்டிஞ்ச் பலகை போட்டோம். எலுமிச்சம்பழம் சுத்திச் சூடம் காட்டுனோம். எந்த டெஸ்டுக்கும் அது பண்றதுதான். ஆனா சாமி, இது நல்லபடியா வெடிக்கோணும்னு கும்பிட்டது அன்னைக்கு ஒரு நாள்தான்.

மயில்சாமி பம்ப்பை ஓட்டறான். அம்மிணி நோட்டோட மூட்டைக்குப் பின்னால உக்காந்திருக்கறா. முள் ஏறுது. எழுநூறு கிலோ அழுத்தத்துல நோட்டுல ஒரு கோடு போட்டா. என்ன அம்மிணின்னேன். "உள்பக்கம் இளகிருச்சுங்கப்பா"ன்னா. நான் எட்டிப் பார்த்தேன், சிலிண்டரு கல்லாட்ட கெடக்குது. ஒண்ணும் ஆகலையேன்னேன். "வெளிய தெரியாதுங்கப்பா. சுவர் கனமா இருந்துச்சுன்னா உள்பக்கந்தான் மொதல்ல விட்டுக்குடுக்கும். வெளிப்பக்கம் பிடிச்சுட்டு நிக்கும். பார்க்கறவங்களுக்கு நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும்"னா.

ஆயிரத்துக்குப் பக்கத்துல இன்னொரு கோடு. உள்ள இருந்து வெளிய வரைக்கும் முச்சூடும் இளகிருச்சாமா. அப்படியும் முள் ஏறுதுங்க. அதெப்படின்னு கேட்டா, இழுபட இழுபட இரும்பு கெட்டியாகுமாமா. ஆனா அதே சமயத்துல வயிறு உப்பிச் சுவர் மெலிஞ்சுட்டும் வருதாமா. கெட்டியாகறது ஒரு பக்கம், மெலியறது ஒரு பக்கம். கெட்டி ஜெயிக்கற வரைக்கும் முள் ஏறும். மெலியறது ஜெயிச்சுதுன்னா அதுதான் கடைசி. அந்த எடம் எதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கறதுதான் அவ அம்பது பக்கம்.

ஆயிரத்து முந்நூத்தம்பதுல முள் நின்னுச்சு. பம்ப் ஓடுது, முள் ஏறலை. அப்பறம் பொட்டாட்ட, சத்தமில்லாம இறங்க ஆரம்பிச்சுது. ஆயிரத்து முந்நூத்தி நாப்பது. முந்நூத்தி இருவது.

எங்க கண்ணுக்கு என்னங்க தெரியும்? லீக். மூடியில எங்கியோ விடுது. நான் ஸ்பேனரைத் தூக்கிட்டேன். மயில்சாமி, "நீங்க இறுக்குங்கண்ணா, நான் இன்னும் எச்சா அழுத்தம் ஏத்தறேன்"ங்கறான். ஒரு காலைக் குழிக்குள்ள வெச்சாச்சு.

பின்னாடியிருந்து சட்டையப் பிடிச்சு இழுத்தா பாருங்க, ரண்டு பட்டன் தெறிச்சுப் போச்சு. மணல் மூட்டை மேல மல்லாக்க விழுந்தேன். "பம்ப்பை நிறுத்துங்க மாமா"ன்னு மயில்சாமியைப் பார்த்துக் கத்துன கத்துல அவன் சுவிட்சை அணைச்சுட்டு நாலடி தள்ளிப் போயி நின்னான். பட்டறையில இருந்த எட்டுப் பேரும் பார்க்கறாங்க. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். லீக்கை இறுக்க விடாம என்ன பண்றேன்னேன். அவ கேஜைத்தான் கையால காட்டுனா.

முள் நின்னுருச்சுங்க. பம்ப்பை நிறுத்துன எடத்துல அப்படியே நின்னுருச்சு. ஏறலை, இறங்கலை. லீக்குன்னா பம்ப்பை நிறுத்துனாலும் இறங்கிட்டேதானங்க இருக்கோணும்? நான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டேன்.

எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, சுவிட்சை வாசப்பக்கம் இழுத்து வெச்சு மறுபடியும் ஓட்டுனா. அரை நிமிசங்கூட ஆகலை. ஒரு சத்தம், தண்ணி தென்னைமரம் ஒசரத்துக்குப் போச்சு. போயிப் பார்த்தா சிலிண்டரு ஒரு பக்கமா உப்பி, நீட்டுக்குக் கிழிஞ்சு கெடக்குது. நான் காலை வெச்ச எடத்துல இருந்த பலகை ரண்டு துண்டு. மயில்சாமி அந்தப் பலகையப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போயி டீ வாங்கிட்டு வந்தான்.

ரண்டு நாளு நான் அவகூடப் பேசலைங்க. உசுரைக் காப்பாத்துனா, சரி. அதுக்காக எட்டுப்பேரு முன்னாடி அப்பனைச் சட்டையப் பிடிச்சு இழுக்கறதா? வாயில சொன்னா நான் கேக்க மாட்டனா? கேட்டிருக்க மாட்டீங்கன்னா அவ. மூணாம் நாளு பட்டனை அவளே தெச்சுக் குடுத்துட்டுச் சொன்னா. எனக்கு அப்படியே மனப்பாடமா இருக்குது. "ஏறிட்டு இருக்கற வரைக்கும் பயமில்லீங்கப்பா, அது தாங்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். நீங்க அழுத்திட்டே இருக்கறப்ப முள் தானா இறங்குச்சுன்னா அது லீக்கில்ல. இனிமே தாங்காதுன்னு அர்த்தம். அப்ப ஸ்பேனரை எடுத்துட்டுக் கிட்டப் போகாதீங்க. பம்ப்பை மட்டும் நிறுத்துங்க." இப்பப் பட்டறையில அதைப் பெயிண்ட்ல எழுதிச் செவுத்துல மாட்டியிருக்கறோம். நாந்தான் எழுத வெச்சேன். புதுசா சேர்ற ஆளுக்கெல்லாம் படிச்சுக் காட்டறது நாந்தானுங்க.

அந்த பிராஜெக்டைப் பார்த்துட்டுத்தான் புனேக்காரங்க லெட்டர் போட்டாங்க. வர்ற திங்கக்கெழமை சேரோணும்னு போட்டிருந்துச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வரச் சொல்லி. திங்கக்கெழமை தாண்டிட்டா அந்த லெட்டரும் செல்லாது, என்ற வெசனமும் விட்டுச்சு.

என்ன கேட்டீங்க? முள் இறங்க ஆரம்பிச்சா வெடிக்க எத்தனை நேரமாகும்னா? அது நம்ம கையிலதானுங்க இருக்குது. நிறுத்திட்டா நிக்கும். அழுத்திட்டே இருந்தோம்னு வெச்சுக்கங்க, இறங்கிட்டே வரும். சத்தமே இருக்காது. பார்க்கறவனுக்கு எல்லாம் சரியாயிட்ட மாதிரி இருக்கும். நாங்கூடப் பாருங்க, இறங்குதுன்னு சந்தோசமா ஸ்பேனரை எடுத்துட்டு இறுக்கறதுக்கு…

இது பல்லடந்தாண்டிருச்சுங்களா?

இன்னைக்குச் சனிக்கெழமைங்களா? ஆமாமா, சனிக்கெழமைதான். புனேக்கு ரயிலு ஒரு நாளு ஆகும்னு சொல்லியிருக்கறா. ஒரு நாளுக்கும் மேல. அப்ப இன்னைக்குக் கெளம்புனாத்தான்.

ஒண்ணுமில்லீங்க. தண்ணியிருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க.

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். மூணு வாரங் கழிச்சுப் போற புள்ளை, இப்பவே எதுக்குங்க மாத்திரையை எழுதி ஒட்டோணும்?

கண்டக்டரு! கண்டக்டரு, இங்க நிறுத்துங்க! ஸ்டாப்பில்லைன்னாலும் பரவால்ல, நான் இறங்கோணும். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சாலும் பன்னெண்டு மணிக்கு ஊடு போயிச் சேர்ந்துருவேன். போயி வாசல்லயே உக்காந்துக்கறேன். கதவைச் சாத்திச் சாவியை…

இல்லீங்க. இருங்க. வேண்டாமுங்க. கண்டக்டரு, நிறுத்த வேண்டாமுங்க, போங்க, திட்டாதீங்க.

கிட்டப் போகக் கூடாதுங்க. நானே செவுத்துல எழுதி வெச்சிருக்கறேனே.

இந்த போன்ல எனக்குக் கண்ணு தெரியறதில்லை, மோகனான்னு இருக்கும் பாருங்க, அமுத்திக் குடுங்க. எடுக்கலையா? இன்னொரு தடவை அமுத்துங்க. அடிக்குது. அடிக்குதுங்க.

கண்ணு, அப்பா பேசறேன். ஆமா, பஸ்ஸுலதான். சன்னலோரம் உக்காரலை. என்னது பின்னாடி சத்தம்? டிவியா? டிவியில எதுக்குக் கண்ணு பிளாட்பாரம் நம்பர் சொல்றாங்க?

வெச்சராத. வெச்சராத கண்ணு. நான் பிடிக்க வரலை. சத்தியமா. உங்கம்மா மேல சத்தியம். எத்தனை மணிக்கு ரயிலு, அதை மட்டும் சொல்லு.

ரண்டரையா. அப்ப எதுக்கு இத்தன நேரத்துலயே போயி உக்காந்திருக்கற? நான் ஊட்டுக்குத் திரும்பி வந்துருவேன்னா? ஆமா, அதுவுஞ்சரிதான்.

கேளு. சர்டிபிகேட்டு எங்கிட்ட இருக்குது. அதில்லாம அங்க போயி நீ என்னத்தைக் காட்டுவ? ஜெராக்ஸை வெச்சுப் பேசிக்குவியா? அந்தாளுங்க நாச்சிமுத்து அண்ணன் மாதிரி இருந்தா? நான் பொங்கலூர்ல இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்துடறேன். குடுத்துட்டு வந்துருவேன். பக்கத்துல வரமாட்டேன், நீ சொன்னா பிளாட்பாரத்துக்குக்கூட வரலை, வெளிய டிக்கெட் குடுக்கற எடத்துல நிக்கறேன், நீ வந்து வாங்கிக்க.

கல்யாணமா? நிறுத்தியாச்சு. இப்பத்தான். நாச்சிமுத்துகிட்ட நான் பேசிக்கறேன். அவர் அதிர்ந்து பேச மாட்டாரு, அவர் அண்ணந்தான் பேசுவாரு, பேசட்டும்.

கண்ணு? கண்ணு, இருக்கறியா? அழுவறியா?

ஏனுங்க, அந்தப் பத்திரிகையைத் திருப்பிக் குடுத்துருங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க அன்னைக்குக் கெளம்பி வந்துட்டா சங்கடமாப் போயிரும். அந்தப் பையையும் எடுத்துக் குடுங்க, பொங்கலூர் வந்துருச்சு.

என்ன கண்ணு? கேக்குது. கேக்குது, சொல்லு. ஆமா, நாந்தான் எடுத்துட்டு வந்தேன். நீ வெச்சுட்டுப் போகச் சொன்ன, நாந்தான் கேக்கலை. ஆமா. அதுவும் தப்புதான். தம்ளரா? அதுவும் என்னாலதான். அரக்குப் பொடவையா? தெரியும், உனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்.

கேக்குதுங்களா உங்களுக்கு? இந்தாங்க, காதுல வெச்சுப் பாருங்க. எப்படித் திட்டறா பாருங்க. ரண்டு வாரத்துக்கு மேலாச்சுங்க இந்தக் கொரலைக் கேட்டு.

இல்ல கண்ணு, வெக்கலை. பஸ்ஸை விட்டு இறங்கறேன், அவ்வளவுதான். நீ திட்டு. நான் கேட்டுட்டேதான் வர்றேன்.